பாலம் என்று ஒரு படகு

தார் காய்ச்சுகிற வாசனை எங்கே வந்தாலும் எனக்கு எங்கள் ஆற்றங்கரைதான் ஞாபகம் வரும்... கையெல்லாம் கறுப்பு, முழங்காலெல்லாம் மணல்.

எழுபதுகளின் கடைசி. ஆரணிக்கு எதிர்க்கரையில் எங்கள் ஊர். நடுவில் ஆறு. வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெறும் மணல்தான், நடந்தே போய்விடலாம். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்துவிட்டால் ஊர் தனியாகிவிடும்.

எல்லா வீட்டிலும் தறி. நெய்து முடித்த பட்டுச்சேலையை ஆரணி முதலாளியிடம் கொண்டு சேர்த்தால்தான் கூலி. மழைக்காலத்தில் சேலையைத் தலையில் கட்டிக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் இறங்குவார்கள். நனைந்தால் சாயம் இறங்கிவிடும். அடுத்த சேலைக்கு முதலாளி பட்டு தரமாட்டார்.

பாலம் வேண்டும் என்று மனு கொடுத்துக்கொண்டே இருந்தோம். ஒவ்வொரு தேர்தலிலும் "இதோ கட்டறோம்" என்பார்கள்.

என் அண்ணன் சேகருக்குப் பொறுக்கவில்லை. வீடு வீடாகப் பலகை கேட்டு வாங்கி, தறி செய்கிற ஆசாரியை வைத்து ஒரு சின்னப் படகு செய்துவிட்டார். ஆறு பேர் உட்காரலாம். அடியில் தார் பூசியது அண்ணனும் நானும். எனக்கு அப்போது பதினேழு வயது, பாவாடை தாவணி. வீட்டில் பட்டுநூல் சுற்றுகிற வேலை.

தார் காய்ந்து, தண்ணீரில் விட்டுப் பார்த்த சாயங்காலம், பேர் வைக்க ஊரே கரைக்கு வந்துவிட்டது.

"அம்மன் பேரு வெச்சிடலாம்" என்றார் ஆசாரி.

"தண்ணி உள்ள ஒழுவுது ஆசாரி. அம்மன நனைய வெக்கப் போறியா?" என்றார் ஏகாம்பரம். பக்கத்து வீட்டுக்காரர், அண்ணனுக்கு உயிர் சிநேகிதர்.

"ஜல்தின்னு வெக்கலாம்ணா" என்றேன் நான். எருமையைவிட மெதுவாகப் போகிற படகு அது. எல்லோரும் சிரித்தார்கள்.

அண்ணன் மட்டும் யோசித்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "பாலம்னு வெப்போம்."

ஏகாம்பரம்தான் முதலில் வெடித்துச் சிரித்தார். மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"டேய் சேகரு... இத்தினி வருசமா கேட்டுகினு கீறோம். நீ ஒரே வாரத்துல கட்டிட்டியேடா!"

அண்ணனே சிவப்புப் பெயின்ட்டில் எழுதினார். பெரிய எழுத்து.

அந்த மழைக்காலம் முழுக்க ஊரில் இதே பேச்சு. "பாலம் எப்ப கெளம்புது?" "பாலம் அந்தாண்ட போயிருக்குது, இரு, வரும்." "பாலத்துல தண்ணி ரொம்பிச்சி, ஜல்தியா மொண்டு ஊத்து!" அந்த வருஷம் ஒரு சேலைகூட நனையவில்லை.

மழை ஓய்கிற சமயத்தில் ஒன்றியத்துப் பெரியவர் ஒருவர் ஜீப்பில் வந்தார். ஒரு பாலத்துக்குத்தான் பணம் வந்திருக்கிறது. எங்கள் ஊரா, கீழே இருக்கிற இன்னொரு ஊரா என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். கரையில் கிடந்த படகைப் பார்த்தார். பேரை வாய்விட்டுப் படித்தார்.

"யாருய்யா எழுதினது?"

"நான்தாங்க" என்றார் அண்ணன். "நீங்க நெஜப் பாலம் கட்டிக் குடுத்தீங்கன்னா, அன்னிக்கே இத அழிச்சிடறேங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவரும் சிரித்தார். அண்ணன் தோளில் தட்டிக் கொடுத்துவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினார். அன்றைக்கு அண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பொங்கல் கழிந்து சேதி வந்தது. பாலம் அந்த இன்னொரு ஊருக்கு. நியாயம் கேட்கப் போனவர்களிடம் அவர் சொன்னாராம்: "உங்களுக்குத்தான் பாலம் இருக்குதே... இன்னொண்ணு எதுக்கு?"

போனவர்கள் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். முன்னால் நின்றவர் ஏகாம்பரம்.

"உன் நக்கலு ஊரையே கெடுத்துச்சேடா. வாய மூடிகினு இருந்தா இன்னா?"

அண்ணன் அவரையே பார்த்தார். "நீயுந்தானே சிரிச்சே?"

"நான் எழுதலியே!"



மன்னிப்புக் கேட்டு வா என்று ஊரே அனுப்பியது. போனார். அந்தப் பெரியவர் வீட்டு கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பினார். மறுபடியும் போனார். மறுபடியும் நிற்க வைத்தே அனுப்பினார்கள். இதற்குள் ஊர்ப் பையன்கள் படகில் இருந்த பேரைச் சுரண்டிவிட்டு அந்தப் பெரியவர் பேரை எழுதினார்கள். அப்படியாவது மனம் இறங்குமா என்று. இறங்கவில்லை.

அடுத்த மழையில் வெள்ளம் அதிகம். படகை இறக்கவே முடியவில்லை. கீழ்த்தெருவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. ஆரணி ஆஸ்பத்திரி எதிர்க்கரையில். தாய் பிழைத்தாள்... குழந்தை தங்கவில்லை.

மறுநாள் அந்தப் பெண்ணின் மாமியார் எங்கள் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். இத்தனை வருஷமாக ஏமாற்றியவர்கள் வாசலுக்கு ஒருத்தரும் போகவில்லை. அண்ணன் தறியில் இருந்து எழுந்து வந்து, தலையைக் குனிந்துகொண்டு, அவள் ஓய்கிற வரைக்கும் நின்றார்.

தை பிறக்கும் முன்பே பெங்களூருக்குப் போய்விட்டார். பவர்லூம் வேலை. அப்புறம் ஊருக்கு வரவே இல்லை.

இப்போது எங்கள் ஊருக்குப் பாலம் இருக்கிறது. இருபது வருஷம் கழித்துக் கட்டினார்கள். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதற்குள் பஸ் தாண்டிவிடுகிறது. கீழே தண்ணீரும் இல்லை, மணலும் இல்லை... முள்செடிதான்.

போன மாசம் அண்ணனைப் பார்க்கப் பெங்களூர் போயிருந்தேன். ஜன்னலோரம் நாற்காலி. கேட்டால் "ம்" என்பார். அவ்வளவுதான். அவர் பேத்தி என் காதில் கேட்டாள்: "தாத்தா சின்ன வயசுலயும் இப்படித்தானா ஆயா? பேசவே மாட்டாரா?"

"இல்லடி கண்ணு. உங்க தாத்தா வாயத் தொறந்தா ஆத்தங்கரையே சிரிக்கும்."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் என்னை.

"சும்மா சொல்றீங்க" என்றாள்.