சில்வியா ஒளித்த சைக்கிள் பெல்

சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோ ஏறியதிலிருந்து சில்வியா பையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். படங்கள் இருந்தன, சாக்பீஸ் இருந்தது, மரக்கட்டையில் திருகிய பழைய சைக்கிள் பெல்லும் இருந்தது.

"இன்னாத்துக்கு இப்டி பயந்துகினு கீற? அந்த மோகன் சார் இன்னா புலியா?" என்று காலையில் கணவன் ஃபிரடி கேட்டான். அவனுக்கென்ன, கேட்டுவிட்டுப் பல் துலக்கப் போய்விட்டான்.

ஒரகடத்தில் வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் தொழிலாளர்களுக்குச் சனிக்கிழமைதோறும் ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கிறாள் சில்வியா. பயிற்சி அதிகாரி மோகன் இன்று வகுப்பைப் பார்க்க வருகிறார். பிடித்தால் வகுப்பு தொடரும்; பிடிக்காவிட்டால் ஆளுக்கொரு செல்போன் ஆப்பைக் கொடுத்துவிட்டு டீச்சரை அனுப்பிவிடுவார்கள். முன்பு வேலை பார்த்த பள்ளியிலும் "உங்க கிளாஸ்ல ஒரே சத்தம்" என்று சொல்லித்தான் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிள்ளைகளை விளையாட வைத்துப் பாடம் நடத்தினால் சத்தம் வராமல் வேறென்ன வரும்? ஆனால் இரண்டாவது தடவையும் ஒருவர் அப்படிச் சொன்னால் அவளால் தாங்க முடியாது.

அவள் கண்டுபிடித்த விளையாட்டு அவர்கள் வேலையிலிருந்தே வந்தது. கம்பெனியின் அசெம்பிளி லைன் மாதிரி எல்லோரும் வரிசையாக உட்காருவார்கள். ஒரு படம் கை மாறும். வாங்கியவர் அதைப் பற்றி இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொல்லி அடுத்தவரிடம் தரவேண்டும். வராவிட்டால் பெல் அடிக்கலாம்; லைன் நிற்கும், எல்லோரும் உதவுவார்கள், மறுபடி ஓடும். ஆனால் ஆரம்பத்தில் ஒருவர்கூடப் பெல்லைத் தொடவில்லை. கம்பெனியிலும் பீஸ் கெட்டால் லைனை நிறுத்தக் கயிறு தொங்குகிறது, இழுத்தால் "யார்ரா நிறுத்துனது?" என்பதுதான் லைன் லீடரின் முதல் கேள்வி. அதனால் வாக்கியம் வராதவர்கள் படத்தைச் சத்தமில்லாமல் பக்கத்தில் தள்ளிவிடுவார்கள். பக்கத்து ஆள் இரண்டு வாக்கியம் சொல்லிச் சமாளிப்பார். கெட்ட பீஸை அப்படித் தள்ளித் தள்ளியே பழகிய கைகள் அவை. அந்தப் பழக்கத்தை மாற்றச் சில்வியா பட்ட பாடு கொஞ்சமல்ல. இப்போதுதான் பெல் தாராளமாக ஒலிக்கிறது.

அதுதான் இன்றைய பயமே. அதிகாரி முன்னால் சும்மா சும்மா பெல் அடித்தால், இவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று நினைக்கமாட்டாரா? ஹாலுக்குள் போனவள் பெல்லைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

மோகன் பின்னால் கைகட்டி உட்கார்ந்தார். மழையில் நிற்கும் பஸ் ஒன்றின் படம் கிளம்பியது. மூன்று பேர் நன்றாகவே சொன்னார்கள். நான்காவதாக உட்கார்ந்திருந்த உச்சிமாகாளிக்கு வார்த்தை வரவில்லை. பெல் இருக்கும் மேஜையைப் பார்த்தான், காணோம். பழையபடி படத்தைப் பக்கத்தில் தள்ளினான். பக்கத்தில் வேல்விழி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண். வாய் திறக்கவே யோசிப்பாள். சொல்லிடும்மா, எதையாவது சொல்லிடு என்று சில்வியாவின் மனம் அடித்துக்கொண்டது.

வேல்விழி எழுந்தாள். "ஸ்டாப். லைன் ஸ்டாப். மிஸ், வீ நீட் ஹெல்ப்." பிறகு, "பெல்ல எங்க மிஸ் வச்சிய?"

"யாரு நிறுத்துனது?" என்றார் மோகன் பின்னாலிருந்து. வேல்விழியின் முகம் வெளுத்தது.

"நாந்தான் சார்," என்றாள் சில்வியா. "பெல்ல ஒளிச்சு வச்சது நாந்தான். நீங்க தப்பா நினைப்பீங்கன்னு பயந்துட்டேன்." பெல்லை எடுத்து மேஜைமேல் வைத்து, அது எதற்கு என்று விளக்கினாள். கயிற்றை இழுக்கவிடாத லைன் லீடர்களை எத்தனை தரம் மனதுக்குள் திட்டியிருப்பாள்! இன்று தானும் அதையே செய்துவிட்டோமே என்று அவமானமாக இருந்தது.

மோகன் வேல்விழியிடம் இங்கிலீஷில் கேட்டார், கம்பெனி லைனையும் இப்படி நிறுத்துவாயா என்று.

"நோ, சார்."

"ஒய்?"

"ஐ ஆம் அஃப்ரெய்ட், சார்."

மோகன் மேஜைமேலிருந்த பெல்லைப் பார்த்தார். "கிளாஸ் நடக்கட்டும் மேடம்," என்று எழுந்தார். "அடுத்த வாரம் லைன் லீடருங்களையும் அனுப்புறேன். இதே வரிசையில உட்கார வைங்க."

அவர் போனபிறகுதான் சில்வியாவுக்கு மூச்சு வந்தது. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். வகுப்பு கலைந்ததும் வேல்விழி மட்டும் அருகில் வந்து நின்றாள்.

"எங்க லீடரும் வருவாவளா மிஸ்?"

"வருவாரு."

"அவிய பக்கத்துலயா நான் உக்காரணும்?"

இல்லை என்று பொய் சொல்லச் சில்வியாவுக்கு வாய் வரவில்லை. "ஆமாம்மா. ஆனா பெல் இருக்கும்."

வேல்விழி மேஜைமேலிருந்த பெல்லை எடுத்துத் தன் டிபன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இத நானே கொண்டாரேன் மிஸ். உங்ககிட்ட இருந்தா, அவியளப் பாத்ததும் மறுபடியும் ஒளிச்சு வச்சிருவிய."