பேனாவால் எழுதிய நத்தை

அன்றைய என் கோபத்தை நினைத்தால் எனக்கே இன்னும் கோபம் வருகிறது.

ஆழ்கடல் நத்தைகளை அறுத்துப் பார்த்து இனம் பிரிப்பது என் வேலை. வேறுவேறு ஆழத்தில் பிடிபட்ட இரண்டு நத்தைகளுக்கு அச்சு அசலாக ஒரே ஓடு. லீவில் வரைந்து முடிக்கலாமென்று அவற்றைத் தனித்தனி ஸ்பிரிட் புட்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுபோனேன்.

மலைமேலுள்ள புதூர்நாட்டுக்குப் போகும் ஜீப்பில் ஒரே நெரிசல். என் பையைப் பக்கத்திலிருந்த கிராம நர்ஸம்மாதான் மடியில் வைத்துக்கொண்டார். பாதி மலையில் எடுத்துப் பார்த்தால், புட்டிகளுக்குள் நான் எழுதிப்போட்ட சீட்டுகள் இரண்டும் வெறும் வெள்ளை. எது எந்த ஆழம் என்று தெரியாவிட்டால் இரண்டும் வெறும் கறி. 

"இன்னாம்மா பண்ணீங்க? சீட்ட மாத்திட்டீங்களா?"

ஜீப்பை நிறுத்தவைத்தேன். அவருடைய பையைத் திறந்து காட்டச் சொன்னேன், வெட்கங்கெட்டவன்.

அவர் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ஸ்பிரிட்டே நீலமா கீது. பேனாவுலயா எழுதுனீங்க, சார்?"

"ஆமா."

"மை கரையாதா? மலேரியாவுக்கு ரத்தம் எடுக்கற கண்ணாடியிலயே நாங்க பென்சில்லதான் எழுதுவோம். உங்களுக்கு யாருங்க வேல குடுத்தது?"

ஜீப்பே சிரித்தது. வருஷா வருஷம் மாணவர்களுக்கு இதே பாடத்தை நடத்துகிறவன் நான்.

பிறகு மரபணுச் சோதனை, இரண்டும் வேறு இனம் என்றது. எது எங்கே வாழ்ந்தது என்று அதற்குச் சொல்லத் தெரியவில்லை.

இறங்கும்போது நர்ஸம்மா என் சட்டைப்பையில் ஒரு பென்சிலைச் செருகினார். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பென்சில் எழுதி எழுதிக் குட்டையாகிவிட்டது. கேட்காத மன்னிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.