ஓடைக்கரை வரிசைகள்

"ஒயின்" என்ற சொல்லை நான் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது.

எங்கள் ஊரான கம்பத்தில் ஒயின் என்றால் கடை. வாசலில் தண்ணீர்ப் பாக்கெட் உறைகள் மிதிபட்டுக் கிடக்கும். உள்ளே பிராந்தி, ரம், பீர் எல்லாம் இருக்கும். ஒயின் மட்டும் இருக்காது. கலிபோர்னியாவுக்கு வந்த இரண்டாம் வருடம், போன் கார்டு போட்டு அம்மாவிடம் பேசும்போது, "பக்கத்துல ஒயின் செய்யுறவங்ககிட்ட போய்ட்டு வர்றேம்மா" என்றேன்.

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?" என்றாள் அம்மா, குரலைத் தாழ்த்தி.

"அவருதாம்மா சில நாள் கார்ல கொண்டுபோய் விடுறாரு."

"அவரே விடுறாராமுல்ல!" என்று அம்மா யாரிடமோ சொல்வது கேட்டது. போன் கை மாறியது.

"ஏத்தா, அங்க சாப்பாட்டுக்குக் கஷ்டமா?" என்றார் அப்பா.

"கடை இல்லப்பா. திராட்சைத் தோட்டம். நம்ம தோட்டம் மாதிரிதான்."

"அட, அதச் சொல்ல வேண்டியதுதான. பன்னீர் திராச்சையா? பந்தல் போட்டிருக்காகளா?"

அதற்குப் பிறகு அப்பாவுக்கு என் தொழிலைப் பற்றிச் சந்தேகம் இருக்கவில்லை. நாங்கள் குடியிருந்த பிளசன்டனில் இருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இருந்தது. ஒரு பிறந்தநாள் விருந்தில் ஒரு ஆன்ட்டி என் தட்டில் பிசிபேளாபாத் வைத்துக்கொண்டே, "உன் ஹஸ்பண்டுக்கு லேஆஃப் ஏதும் இல்லையே? நீ ஒயின் ஷாப்ல நிக்கிறதா சொன்னாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம்தான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வரும். அது நான் சொல்லிக் கொடுத்தது. வேளாண் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கினேன். கல்யாணமாகி எச்-ஃபோர் விசாவில் இங்கே வந்தேன். அந்த விசாவில் இருப்பவர்கள் வேலை பார்க்கக் கூடாது. "ஹவுஸ்வைஃபா?" என்று யாராவது கேட்டால், "அக்ரி கிராஜுவேட்" என்பேன். அவர்கள் கேட்டது அது இல்லை என்று தெரிந்தும் சொல்வேன்.

அந்தத் தோட்டம் லிவர்மோர் பக்கம், குன்றுச் சரிவில் இருந்தது. கணவனும் மனைவியும் மட்டும் நடத்திய சின்னத் தோட்டம். சனிக்கிழமைச் சந்தையில் அந்தம்மா திராட்சை விற்றுக்கொண்டிருந்தபோது, ஒரு குலையைத் தூக்கிப் பார்த்து, கொடிகளை எப்போது கவாத்து வெட்டினீர்கள் என்று கேட்டேன். அப்படித்தான் பழக்கமானோம். வாரத்தில் இரண்டு நாள் பிளசன்டனுக்குப் பாட்டில் பெட்டிகளை இறக்க வருவார். திரும்பும்போது என்னை வண்டியில் ஏற்றிக்கொள்வார். சம்பளம் கிடையாது. கொடுத்தாலும் நான் வாங்கக் கூடாது. கையில் கத்தரியும் காலடியில் மண்ணும் இருந்தால் போதும் என்று இருந்தேன்.

அவர்கள் செய்தது பயோடைனமிக் விவசாயம். ரசாயன உரம், பூச்சிமருந்து கிடையாது. அத்தோடு நின்றிருந்தால் எனக்கு எளிதாகப் புரிந்திருக்கும். பசுஞ்சாணத்தை மாட்டுக்கொம்புக்குள் அடைத்து, குளிர்காலம் முழுக்க மண்ணில் புதைத்து வைத்திருந்து, வசந்தம் வந்ததும் எடுப்பார்கள். அதில் ஒரு கைப்பிடியைப் பீப்பாய்த் தண்ணீரில் போட்டு ஒரு மணிநேரம் கலக்க வேண்டும். ஒரு பக்கமாகச் சுழற்றி, நடுவில் குழி விழுந்தவுடன் சட்டென்று மறுபக்கம் சுழற்ற வேண்டும். பிறகு அதைத் தோட்டம் முழுக்கத் தெளிப்பார்கள். எல்லாவற்றுக்கும் நிலாவைப் பார்த்து நாள் குறித்த காலண்டர் ஒன்று வைத்திருந்தார்கள்.

"சாணி தெளிக்கவா இவ்ளோ தூரம் டிரைவ் பண்ணிக் கொண்டுவந்து விடுறேன்? அதுக்கு உங்க அம்மா வீட்டு வாசலே போதுமே" என்பார் என் கணவர்.

அந்தம்மாவோ, "இதெல்லாம் உங்கள் ஊரில் காலம்காலமாகச் செய்வதுதானே?" என்று கேட்பார். எங்கள் ஊரில் யாரும் கொம்பில் சாணம் அடைத்து நான் பார்த்ததில்லை. அப்பா மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து அடித்துத்தான் திராட்சை வளர்த்தார். அவருடைய சட்டைகள் எல்லாம் நீலக்கறை. அதைச் சொன்னேன். நான் ஏதோ அடக்கத்துக்காகச் சொல்வதுபோல அவர் புன்னகை செய்தார். நான் கல்லூரியில் படித்ததைப் பற்றிப் பேசினால் தலையாட்டுவார். எங்கள் ஊர் மாடுகளைப் பற்றிப் பேசினால் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்.

சரிவின் அடியில் ஓர் ஓடை. அதை ஒட்டிய வரிசைகள்தான் அந்தத் தோட்டத்தின் உயிர். அவர்கள் கல்யாணமான புதிதில் இருவரும் தங்கள் கையால் குழி தோண்டி நட்ட கொடிகள். கேட்டு வாங்கிப் போகிறவர்கள் அந்த வரிசைகளின் ஒயினைத்தான் கேட்டார்கள். கரையில் முட்புதரும் காட்டுத் திராட்சையும் வேண்டுமென்றே அடர்ந்து வளர விட்டிருந்தார்கள். தோட்டம் ஓர் உடம்பு, காடும் அதில் ஓர் உறுப்பு என்பார் அந்தம்மா.

இரண்டாயிரமாம் ஆண்டுக் கோடையின் கடைசியில், அந்த வரிசைகளில் இலை விளிம்புகள் தீயில் காட்டியதுபோலக் கருகின. தண்ணீர் போதவில்லை என்று அந்தம்மாவின் கணவர் நினைத்தார். நான் குனிந்து பார்த்தேன். இலை உதிர்ந்த இடங்களில் காம்பு மட்டும் தீக்குச்சிபோலக் கொடியில் நீட்டிக்கொண்டிருந்தது. வாடி உதிர்கிற இலை காம்போடுதான் உதிரும். நூலகத்தில் திராட்சை நோய்களைப் பற்றிய புத்தகத்தில் இந்தப் படத்தைப் பார்த்திருந்தேன். ஒரு தத்துப்பூச்சி சாறு உறிஞ்சும்போது நுழைக்கும் பாக்டீரியா. கொடிக்குள் தண்ணீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடும். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. அந்தப் பூச்சி வாழ்வது ஓடைக்கரைப் புதர்களில்.

சொன்னேன். ஆய்வகத்துக்கு அனுப்பிய இலைகளும் அதையே சொல்லின.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரே பேச்சுத்தான்.

"ஒரு தடவை பூச்சிக்கு அடிப்போம். ஒரே தடவை" என்பார் அந்தம்மாவின் கணவர்.

"அடித்தால் அப்புறம் இது நம் தோட்டம் இல்லை."

"அடிக்காவிட்டால் தோட்டமே இல்லை."

"அப்படியானால் புதரை வெட்டு" என்பார், காட்டை உறுப்பு என்ற அந்தம்மாவே.

ஓடைக்கரையில் ஒரு செடியை வெட்டவும் அரசு அனுமதி வேண்டும். பறவைகளும் மீன்களும் அதை நம்பி இருக்கின்றன. விசாரித்துப் பார்த்தார்கள், எப்போது கிடைக்கும், கிடைக்குமா என்றே யாராலும் சொல்ல முடியவில்லை. இருவரும் பேசி ஓய்ந்து என்னைப் பார்ப்பார்கள். அவர் பக்கம் பேசினால் அந்தம்மாவின் இத்தனை வருட உழைப்பைத் தப்பென்று சொல்வதாகும். அந்தம்மா பக்கம் பேசினால் நான் படித்தது எதற்கு? மருந்து அடித்தாலும் ஏற்கனவே நோய் ஏறிய கொடிகள் பிழைக்காது என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே விஷயம். அது இருவருக்குமே உதவாதது.

அப்பாவிடம் கேட்டேன்.

"மருந்து அடிக்கச் சொல்லுத்தா."

"இதுக்கு மருந்தே இல்லப்பா."

"அமெரிக்காவுலயா மருந்து இல்ல?" அப்பாவால் நம்ப முடியவில்லை. பிறகு, "அப்ப வெட்டிப் போட்டுட்டு வாழை வைக்கச் சொல்லு" என்றார். அவர் ஒருமுறை அப்படித்தான் செய்தார்.

நோய் பரவாமல் இருக்க அந்த வரிசைகளைப் பிடுங்குவது என்று கடைசியில் முடிவானது. அந்தம்மா தன் காலண்டரை மேசைமேல் விரித்தார். நடுவதற்கு நாள் இருந்தது. கவாத்துக்கும் அறுவடைக்கும் நாள் இருந்தது. பிடுங்குவதற்கு இல்லை.

"உங்கள் காலண்டரில் இருக்குமா?" என்று என்னிடம் கேட்டார்.

எங்கள் சமையலறையில் ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த தினசரிக் காலண்டர் தொங்கியது. அதில் கீழ்நோக்கு நாள் கிணறு வெட்ட, கிழங்கு போட. மேல்நோக்கு நாள் மரம் நட, வீடு எழுப்ப. அதுவும் இந்திய நேரத்துக்கு அச்சடித்தது. இங்கே விடியும்போது அங்கே பொழுது சாய்ந்துவிடும். ஏதோ ஒரு நாளைச் சொல்லியிருந்தால் அந்தம்மா நிம்மதியாகியிருப்பார். என்னால் முடியவில்லை.

"அதிலும் இல்லை" என்றேன்.

"அப்படியானால் உங்கள் ஊரில் யாருமே எதையும் பிடுங்கியதில்லையா?"

"பிடுங்கியிருக்கிறார்கள். நாள் பார்க்காமல்."

வாடகை டிராக்டர் கிடைத்த நாளில் வேலை தொடங்கியது. அடிமரத்தில் சங்கிலியைச் சுற்றி இழுக்க வேண்டும். முதலில் மண் உப்பிவரும். பிறகு வேர் அறுபடும் சத்தம், தடித்த துணியைக் கிழிப்பதுபோல. டிராக்டரை அவர் ஓட்டினார். சங்கிலியை மாட்டியது அந்தம்மா. வேறு யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். நான் கொடிகள் படர்ந்திருந்த கம்பிகளைச் சுருட்டினேன். சங்கிலியை மாட்டுவதற்கு முன்னால் அந்தம்மா ஒவ்வொரு கொடியின்மேலும் ஒரு கணம் கையை வைத்து எடுத்தார். அதைப் பார்க்காதபடி நான் முதுகைத் திருப்பிக்கொண்டேன். பின்னால் ஓடைக்கரைப் புதர் பச்சைப் பசேலென்று நின்றது. பூச்சிக்குப் புதரிலிருந்து அடுத்த வரிசை இன்னும் சில எட்டு தூரம், அவ்வளவுதான். மூவருக்கும் அது தெரியும்.

கருகிய வரிசைகள் முடிந்தன. அடுத்த வரிசையின் முன்னால் வண்டியை நிறுத்தி அவர் இறங்கி வந்தார்.

"நீ இதைப் படித்தவள். இத்தோடு நிறுத்தலாமா, இதையும் எடுக்க வேண்டுமா?" என்று என்னைக் கேட்டார்.

அந்தத் தோட்டத்தில் யாராவது என்னிடம் இப்படிக் கேட்க மாட்டார்களா என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பேன். அந்தம்மாவும் சங்கிலியைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தார். நான் முதல் கொடியின் இலைகளைப் புரட்டினேன். இரண்டாவது, மூன்றாவது. எல்லாம் பச்சை. நோய் வெளியே தெரிவதற்கு முன்னால் உள்ளே ஒரு வருடம்கூட இருக்கலாம் என்று படித்திருக்கிறேன். இல்லாமலும் இருக்கலாம்.

"பார்த்துச் சொல்ல முடியாது" என்றேன். "எனக்குத் தெரியவில்லை."

அவர் தலையாட்டினார். என்மேல் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இன்ஜின் ஓடிக்கொண்டேயிருந்தது. அந்தம்மா சங்கிலியைக் கீழேயும் போடவில்லை, கொடியிலும் மாட்டவில்லை.