ரவுண்டபவுட்டில் ஆடிய தலை

1. பெயில்

கார் வந்து நிற்கும் விதத்திலேயே டெஸ்ட் ரிசல்ட்டைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அன்று என்னிடம் ட்ரைவிங் பழகிய மிஸஸ் லின் டெஸ்ட் சென்டர் வாசலில் கோடு பிசகாமல் காரை நிறுத்தினார். நானும் சிரித்தபடி போனேன்.

பெயில். ஒரேயொரு சீரியஸ் ஃபோல்ட்: அண்டியூ ஹெசிடேசன். போக வேண்டிய இடத்தில் போகாமல் நிற்பதற்கு எங்கள் தொழிலில் அந்தப் பெயர். ரவுண்டபவுட் என்ற வட்டச் சந்தியில், வழிவிட வேண்டிய வலப்பக்கம் ஒரு வாகனமும் இல்லை, பின்னால் நான்கு கார்கள் ஹோர்ன் அடிக்கின்றன, இவர் நிற்கிறார்.

"ஏன் நிண்டனீங்கள்?"

"டீச்சர், அந்த மனிசன் ஒண்டும் செய்யேல்லை."

நாங்கள் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். எனக்கு வசதியாக எங்கள் தமிழில் தருகிறேன்.

ஒன்றும் செய்யாமல் இருப்பதுதானே எக்ஸாமினரின் வேலை? எனக்கு விளங்கவில்லை. மிஸஸ் லின் அழவில்லை, கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தார். சீனாவில் அவர் நர்ஸ். லண்டனில் ஏழு வருடமாக ஒரு ரெஸ்டோரன்ட் குசினியில் சட்டி கழுவினார். "மனிசரின்ர முகத்தைப் பாத்து வேலை செய்து கனகாலம் டீச்சர்" என்பார். வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனிக்கும் வேலையொன்று கிடைத்திருந்தது. லைசென்ஸ் வேண்டும். மாத முடிவு வரை இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

2. சிவப்புக் கொப்பி

அந்த நாட்களில் நான் இல்ஃபோர்ட்டிலும் செவன் கிங்ஸிலும் ட்ரைவிங் பழக்கிக்கொண்டிருந்தேன். என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்படி மிஸஸ் லினிடம் எத்தனையோ தரம் கேட்டேன். "பழக்கிறவரைப் பேர் சொல்லிக் கூப்பிட ஏலாது" என்றார். அவர்கள் வழக்கம் அப்படி. டீச்சர் என்றால் டீச்சர்தான்.

அவரிடம் ஒரு சிவப்புக் கொப்பி இருந்தது. ட்ரைவிங் என்ற சொல்லை யார் எப்படிச் சொன்னாலும் அதில் சீன எழுத்தில் குறித்துக்கொள்வார். அவர்கள் மொழியில் கதவைத் திறப்பதற்கும் கார் ஓடுவதற்கும் ஒரே சொல்லாம். யாழ்ப்பாணத்தார் நாங்கள் கார் ஓடுவோம், சென்னைக்காரர் ஓட்டுவார்கள். ஆங்கிலக்காரனோ அந்த ஒரு சொல்லை எங்கேயெல்லாம் கொண்டுபோய் வைத்திருக்கிறான்! கண்ணாடியில் மழை அறைந்த நாளில் 'ட்ரைவிங் ரெயின்' எழுதினார். முன்னால் ஊர்ந்த பஸ் பைத்தியமாக்குகிறதே என்று 'ட்ரைவிங் மீ மேட்' என நான் முணுமுணுத்ததையும் விடவில்லை.

"பஸ் உங்களை ஓட்டுதோ டீச்சர்?"

"ஓம். விசருக்கு ஓட்டிக்கொண்டு போகுது."

"ட்ரைவிங் ஃபோர்ஸ் எண்டால்?"

"பின்னால நிண்டு தள்ளுற ஆள். எங்கட வீட்டில என்ர மனிசி."

3. பின் சீட்

டெஸ்டுக்கு அடுத்த கிழமை அந்த மனிசியே, என் மனைவியே, பின் சீட்டில் ஏறினார். கடைக்குப் போக வேண்டியிருந்தது. மிஸஸ் லின்தான் ஏறச் சொன்னார். அதே ரவுண்டபவுட். மிஸஸ் லின் வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் ஒரு கணம் பார்த்தார், அழகாகப் போனார். இரண்டு பக்கமும் பார்க்கும் அந்தப் பழக்கத்தை நான் எத்தனையோ முறை மெச்சியிருக்கிறேன்.

பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம்.

"இஞ்சேருங்கோ, இவ இடப்பக்கம் ரோட்டையே பாக்கிறா? உங்கட தலையையெல்லோ பாக்கிறா! நீங்கள் ஆட்டினாப் போறா, ஆட்டாட்டி நிக்கிறா."

"நான் எப்ப தலை ஆட்டினனான்?"

"இப்பவும் ஆட்டுறீங்கள்."

ஆட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஓம் என்று வாய் சொல்லுமுன் எங்கள் ஆட்களின் தலை சரிந்துவிடும். நாற்பது பாடமும் அந்தத் தலையைப் பார்த்துத்தான் அவர் ரவுண்டபவுட்டுக்குள் இறங்கியிருக்கிறார். டீச்சர் தலையாட்டுமுன் தான் போவது மரியாதை இல்லையாம். எக்ஸாமினரின் தலையோ கல்லில் செய்தது. பெயிலானது மிஸஸ் லின் இல்லை, என் கழுத்து.

4. கழுத்துப் பட்டி

என் மனைவிக்கு முன்பு கழுத்து நோவு வந்தபோது வாங்கிய பட்டி வீட்டில் கிடந்தது. அதைக் கட்டிக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போனேன்.

"ஐயோ டீச்சர், அக்சிடென்டோ?"

"இல்லை. மருந்து எனக்கில்லை, உங்களுக்கு."

ரவுண்டபவுட்டில் இடப்பக்கம் பார்த்தார். பட்டி. நின்றார். பின்னால் ஹோர்ன்.

"போகட்டோ டீச்சர்?"

"ரோட்டில என்ன தெரியுதெண்டு சத்தமாச் சொல்லுங்கோ. பிறகு நீங்களே முடிவெடுங்கோ. கொமென்டரி ட்ரைவிங் எண்டு இதுக்குப் பேர்."

காரை ஓரமாக நிறுத்தி அதையும் கொப்பியில் எழுதினார். ஆங்கிலத்தில் சொல்ல முயன்றால், சொல் தேடும் நேரத்தில் வாகனங்களுக்கு நடுவே கிடைத்த இடைவெளி போய்விடுகிறது. "உங்கட பாசையிலேயே சொல்லுங்கோ" என்றேன். அவர் சீனத்தில் கடகடவென்று சொல்லத் தொடங்கினார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் கார் நேரத்துக்குப் போனது.

யாரோ கைவிட்ட டெஸ்ட் தேதியொன்று மாத முடிவுக்கு மூன்று நாள் முன்பு கிடைத்தது. பின் சீட்டில் நானும் வரட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் டீச்சர், கண்ணாடியில உங்கட தலை தெரியும்" என்றார்.

பாஸ்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு: ஐந்தாம் பாடத்துக்குப் பிறகு உங்கள் தலையைக் கவனியுங்கள். தவறைத் திருத்தலாம், ஆனால் அவர்கள் எடுக்க வேண்டிய முடிவை உங்கள் கழுத்து எடுக்கக்கூடாது.

பாஸான அன்று வீடு திரும்பும்போதும் அவரே கார் ஓடினார். அதே ரவுண்டபவுட் வந்தது. பட்டி இல்லாத என் தலை தன் பாட்டில் சரியத் தொடங்கியது. அது சரிந்து முடிவதற்குள், மிஸஸ் லின் சீனத்தில் ஏதோ முணுமுணுத்தபடி, காரை அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டார்.