மாப்பிள்ளை சஹனில் நானாவின் இடம்

அல்லாஹ்வைப் புகழ்ந்து, என் மார்க்கச் சகோதரர்களுக்கு இதை எழுதுகிறேன். எழுதக் கூசுகிறது.

1988இல், எங்கள் மூத்த அண்ணனான நானா துபாயிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார். விசா புதுப்பிக்க இரத்தம் எடுத்தபோது எய்ட்ஸ் கிருமி இருப்பது தெரிந்ததாம். காரைக்கால் வீட்டின் மாடி அறையில் வந்து அடைந்தார். உம்மா தனித்தட்டில் சோறு போட்டு, அறை வாசலில் வைத்துவிட்டு இறங்கிவிடுவார். கீழே நாங்கள் எல்லோரும் வழக்கம்போல் சஹனைச் சுற்றி உட்கார்ந்து, அந்த ஒரே பெரிய தட்டில் கைபோட்டுச் சாப்பிடுவோம். நானாவின் தட்டு பாதிச் சோற்றோடு திரும்பும். பிறகு தொடாமலே திரும்பியது.

குடும்பத்தில் காலேஜ் படித்த முதல் ஆள் நான். டாக்டரிடம் நான்தான் போய்க் கேட்டேன். "கூட உட்கார்ந்து சாப்பிட்டா ஒட்டாது தம்பி" என்றார். அதை வீட்டில் சொன்னேன். சொன்னதோடு சரி. நானும் மாடியில் போய் உட்காரவில்லை.

தொழுகையில் மட்டும் அழுவேன். 'யா அல்லாஹ், நானா பட்டினியிலேயே போய்விடுவார். அவர் பக்கத்தில் யாரையாவது உட்கார வை.' யாரையாவது!

என் அக்கா, லாத்தாவின் நிக்காஹ் வந்தது. மாப்பிள்ளையின் சஹனில் பெண்ணின் மூத்த சகோதரர் உட்காருவது எங்கள் முறை. மாமா என்னைத் தனியே அழைத்தார். "நீ உட்காருடா. அவனைச் சபைக்குக் கொண்டாந்தே, அவ்வளவு பிரியாணியும் காக்காய்க்குத்தான்."

நானா மாடியிலிருந்து சொன்னது வேறு. "மாப்பிள்ளைகிட்ட மறைக்காதே. மறைச்சுக் கட்டிக்கொடுத்தா அது பாவம்."

நிக்காஹுக்கு முந்தின நாள், மாப்பிள்ளையின் ஊரான பட்டினத்துப் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பிறகு, நானாவின் நோயை அவரிடம் சொன்னேன். நிக்காஹ் நின்றுவிட்டது என்றே நினைத்தேன்.

"சேர்ந்து சாப்பிட்டா வருமா மச்சான்?"

"வராதுன்னு டாக்டர் சொன்னாங்க."

"அப்ப நீங்க ஏன் சேர்ந்து சாப்பிடல?"



மறுநாள் பந்தலில் சஹன் வைத்தார்கள். மாப்பிள்ளை கை கழுவிவிட்டுச் சும்மா இருந்தார். "பெரிய மச்சான் வராம நான் பிஸ்மி சொல்லிக் கை வைக்க மாட்டேன்" என்றார், சபைக்கே கேட்கும்படி. மாமா என்னை முறைத்தார். நான் மாடிக்கு ஓடினேன்.

நானா வந்து உட்கார்ந்தார். சோற்றுக்குப் போன கை பாதியில் நின்றது. மாப்பிள்ளை ஒரு கறித்துண்டைப் பிய்த்து அவர் பக்கம் தள்ளினார். "சாப்பிடுங்க மச்சான். உங்க வீட்டுக் கறிதானே, எனக்கென்ன பயம்?" நானா சிரித்தார். அழுதுகொண்டேதான் சாப்பிட்டார். பக்கத்தில் இருந்த சிலர் எழுந்து போனார்கள். காலியான இடத்தில் நான் உட்கார்ந்தேன்.

அல்ஹம்துலில்லாஹ், துஆ கபூலானது, கேட்டது கிடைத்தது. நோய் தீரவில்லை, அதற்கும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறோம். ஆனால் நானா இப்போது எங்களோடு சாப்பிடுகிறார். உம்மா அவருக்கு ஊட்டிவிடுவதும் உண்டு.

இப்படி ஒருவர் உங்கள் வீட்டிலும் இருந்தால் அல்லாஹ்விடம் கேளுங்கள், கொடுப்பான். ஆனால் என்னைப்போல் வேறொருவரை அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள். நிற்கும் இடத்திலிருந்து மாடிக்குப் பத்துப் படி இருக்கும், அவ்வளவுதான். அந்தப் படி ஏற எனக்கு ஓர் அந்நியர் வர வேண்டியிருந்தது.