சுவர்ப்பக்கம் திரும்பிய படம்

கறுத்த வழுவழு உடம்பு, மஞ்சள் திட்டுகள், நான்கு குட்டைக் கால்கள், எதையோ கண்டுகொண்டது போன்ற கண். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. எழுபதுகளில், இலங்கையின் ஸ்பிரிங்வெளிப் பக்கம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில், பதுளையிலிருந்து வந்த விஞ்ஞான மாஸ்டர் அதை விரித்துக் காட்டினார். கூடவே ஒரு மான் படம். இரண்டுமே உலகத்தில் அற்றுப்போகிற இனங்களாம்.

அத்தை, அப்பாவின் அக்கா, கொழுந்துக் கூடையை இறக்காமலே நின்று பார்த்தாள். லயத்துக்குள் சப்பாத்துப் போட்டு வருகிற எந்தக் காலையும் அவள் நம்பியதில்லை. அந்த நாட்களில் வந்தவர்கள் எல்லாரும், இந்தியாவுக்குப் போவது யார், இருப்பது யார் என்று கேட்கத்தான் வந்தார்கள். அப்பா போக முடிவெடுத்துவிட்டார். போவதா இருப்பதா என்று அத்தை இன்னும் முடிவெடுக்கவில்லை.

“ஒனக்கு மாப்பிள்ள படம் கொண்டாந்திருக்காரு அக்கா!” என்றாள் பக்கத்துக் காம்பிரா அறையில் இருந்தவள்.

“இந்தப் பல்லி எங்கங்க இருக்கு?” என்று அத்தை மாஸ்டரைக் கேட்டாள்.

“பல்லி இல்லம்மா, தவளைச் சாதி. சலமாண்டர். நம்ம நாட்டுல இல்ல.”

“இல்லாதத எதுக்குங்க எங்ககிட்ட காட்டுறீங்க?”

லயமே சிரித்தது. மாஸ்டரும் சிரித்தார். பிறகு கேட்டார்: மேல்காட்டில் மரை மான் இருக்கிறதா, எந்தப் பக்கம் இறங்கும், இடம் தெரிந்தால் காப்பாற்றலாமே. சிரிப்பு அடங்கியது. அன்று காலைதான் பீலிக் குழாய்த் தண்ணீர் விழும் சேற்றில் மரையின் குளம்புத் தடம் பார்த்திருந்தோம்.

“அப்படி ஒண்ணும் இங்க இல்லைங்க” என்றாள் அத்தை. எல்லாத் தலைகளும் ஆடின.

திரும்பியவரை அவளே நிறுத்தினாள். “மான் ஓடிரும். இது கல்லுக்கடியில ஒளிஞ்சுக்கும். எதுங்க பொழைக்கும்?”

அவர் இரண்டு படங்களையும் பார்த்தபடி சொன்னார்: “காடு போனா மானுக்கு ஓட எடமில்ல. ஓடை வத்துனா இதுக்கு ஒளிய எடமில்ல. ரெண்டுக்கும் ஒரே கதிதாம்மா.”

“இந்தாளு மானைப் பத்திப் பேச வரல” என்றாள், அவர் போனதும். சலமாண்டர் படம் வாசலிலேயே கிடந்தது. மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று அதிலும் அவளுக்குச் சந்தேகம். “வேவுக்காரன் மாதிரி பாக்குது” என்று சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினாள்.

நாங்கள் இந்தியாவுக்குக் கிளம்பிய அன்று, பதுளை ஸ்டேஷனில் அதை என் பையில் திணித்தாள். “நான் கல்லுக்கடியிலயே கெடந்துக்கிறேன். நீங்க ஓடுங்க.” எண்பதுகளின் இனக்கலவரத்தில் பதுளை எரிந்தது. பிறகு அவளைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை.

ஓடி வந்த நீலகிரியில் இன்றும் நான் சிலோன்காரிதான். போன வாரம் சப்பாத்துக் காலோடு ஒருவர் வாசலில் நின்றார். தேயிலைக்குள் மரை இறங்குகிறதா என்று கேட்டார். காலையில்தான் தடம் பார்த்திருந்தேன்.

“அப்படி ஒண்ணும் இங்க இல்லைங்க.”

அவர் வளைவில் மறையும்வரை நின்றேன். பிறகு உள்ளே வந்து, மாட்டியிருந்த சலமாண்டர் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன்.