விளக்குப் படமும் அவர் படமும்

எங்கள் பழைய தோட்டத்து ஆட்கள் போனில் ஒரு குழு வைத்திருக்கிறோம். அதில் சாவுச் செய்தியை யாரும் எழுதிப் போடுவதில்லை. முதலில் எரிகிற குத்துவிளக்குப் படம் வரும். அதன் கீழே ஆளின் படம் வரும். அவ்வளவுதான். தோட்டத்தில் ரப்பரை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை வைத்த பிறகு, வேலை போய் ஈப்போ, சிலிம் ரிவர், லூமுட் என்று சிதறிப்போன சனம். பாதிப் பேருக்குத் தமிழில் தட்ட வராது. வருகிறவர்களுக்கும் அந்த வார்த்தையை எழுதக் கை வராது. விளக்கைக் கண்டதும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்போம். நானே எத்தனையோ பேருக்குக் கும்பிடு போட்டிருக்கிறேன். இவ்வளவும் தெரிந்த நான் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

என் வீட்டுக்காரருக்கு வயிற்றில் கட்டி. ஈப்போவில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். இரண்டு முறை நாள் குறித்து, இரண்டு முறையும் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறி ஆபரேஷன் தள்ளிப்போனது. வெளியே பார்த்தால் வீராப்பு, உள்ளே உதறல். இந்தத் தடவையும் ஏறினால் கட்டி நமக்காகக் காத்திருக்காது என்று டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். மறுநாள் காலை வரை அவர் மனம் கலங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது என் வேலை.

அன்று வீட்டில் விளக்கேற்றிக் கும்பிட்டேன். அந்த விளக்கைப் படமும் பிடித்துக்கொண்டேன். மத்தியானம் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பார்வையாளர் நேரத்துக்குக் காத்திருந்தபோது குழுவுக்கு அனுப்பினேன். முதலில் விளக்கு. அப்புறம் யாருக்காக என்று தெரியட்டுமே என்று அவர் படம். எவர் கல்யாணத்திலோ எடுத்தது. வெள்ளைச் சட்டை, சிரிப்பில்லாத முகம். அதன் பிறகு மைக்கை அழுத்திப் பிடித்து, “நாளைக்கு ஆபரேஷன், எல்லாரும் உங்க வீட்டுல ஒரு விளக்கேத்தி வேண்டிக்குங்க” என்று உருக்கமாகப் பேசினேன். பேச்சு போகவில்லை, அதை நான் கவனிக்கவும் இல்லை. விரல் எங்கே வழுக்கியதோ, பேசியதெல்லாம் காற்றோடு போயிற்று. படங்கள் இரண்டும் மட்டும் போய்விட்டன.

முதல் கும்பிடு வந்தபோது நல்ல மனுஷர்கள் என்றுதான் நினைத்தேன். அடுத்து ஒரு ரோஜா. அதற்கடுத்து, “எப்பக்கா எடுக்கறீங்க?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரும் அந்தக் குழுவில் இருக்கிறார். போன் அவர் தலைமாட்டில் இருக்கிறது. தன் சாவுக்கு வருகிற கும்பிடுகளை அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தால் அழுத்தம் எங்கே நிற்கும்? எழுந்து கதவுக்கு ஓடினேன். வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா கையை நீட்டி மறித்தார், நேரமாகவில்லையாம். புருஷன் செத்துட்டதா சேதி போயிருச்சு என்று மலாயில் நான் உளறியதில், அவர் பிணவறைக்கு வழி காட்டினார். பாவி மனுஷன்.

குழுவில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால் போன் விடாமல் அடிக்கிறது. ஒன்றை நிறுத்தினால் இன்னொன்று. பக்கத்தில் இருந்த மலாய்க்காரப் பெண்மணி நான் தடுமாறுவதைப் பார்த்துவிட்டுப் போனை வாங்கினார். அவருடைய வீட்டுக்காரரும் அதே வார்டில்தான். ஒரு தமிழ் எழுத்து தெரியாது, ஆனால் விளக்கையும் படத்தையும் பார்த்ததுமே அவர் முகம் மாறியது. “மாத்தி?” என்றார். இறந்துவிட்டாரா என்று கேட்கிறார். “இல்லைக்கா, உள்ளே இருக்கார், சாலா, சாலா, தப்பா அனுப்பிட்டேன்” என்று தமிழும் மலாயும் கலந்து சொன்னேன்.

அந்தப் பெண்மணி அழைப்புகளின் வாயை அடைத்தார். படத்தின் மேல் விரலை வைத்து அழுத்தி, கீழே தெரிந்த குப்பைத்தொட்டியைத் தொட்டு, ‘எல்லாருக்கும்’ என்று மலாயில் இருந்த வரியைக் காட்டினார். “நீங்களே அழுத்துங்க, அப்பதான் கை பழகும்” என்று மலாயில் சொன்னார். விளக்கை அழித்தேன். என் வீட்டுக்காரரை அழிக்கும்போது மட்டும் மனசு கேட்கவில்லை. பிறகு மைக்கை அழுத்தி மேலே தள்ளினால் அது தானாக நிற்கும், விரலை எடுத்துவிடலாம் என்று செய்து காட்டினார். “உயிரோடதான்லா இருக்காரு. யாரும் கிளம்பாதீங்க” என்று பேசி அனுப்பினேன். இந்தத் தடவை போயிற்று.

ஆனால் நான் அனுப்பியதைத்தான் நான் அழிக்க முடியும். மற்றவர்கள் போட்டவையெல்லாம் அங்கேயே வரிசையாகக் கிடந்தன. அவற்றின் நடுவே ஒரு குரல் பதிவும் இருந்தது. லூமுட்டிலிருந்து, என் வீட்டுக்காரருடைய தம்பி.

அந்தத் தம்பி எங்களோடு பேசி வருஷக்கணக்காகிறது. தாய்க்குக் கடைசி மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும். மாமியார் போனபோது தம்பி மீன்பிடிப் படகில் கடலில் இருந்தார். என் வீட்டுக்காரர் காத்திருக்கவில்லை. பொழுது சாய்கிறது என்று சொல்லித் தானே கொள்ளி வைத்துவிட்டார். தம்பி கரை ஏறி வந்தபோது சாம்பல்தான் இருந்தது. அன்றைக்கு அறுந்த பேச்சு.

கதவு திறந்தது. ஓடினேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து போனைக் காதோடு வைத்திருந்தார். தெரிந்துவிட்டது. அவர் போனை என் காதில் வைத்தார். காற்று இரைச்சலுக்கு நடுவில் தம்பியின் குரல்: “அண்ணி, நான் வாரேன். நான் வர்ற வரைக்கும் எடுத்துராதீங்க. அம்மாவுக்குத்தான் நிறுத்தல. அண்ணனையாச்சும் நான் வர்ற வரைக்கும் நிறுத்தி வைங்க.” அதற்கு மேல் வெறும் அழுகை.

“வரட்டும்,” என்றார் இவர். கண்ணைத் துடைக்கவும் இல்லை.

நர்ஸ் வந்து அழுத்தம் பார்த்தாள். ஏறித்தான் இருந்தது. என்னை முறைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து வருகிறேன் என்று போனாள். நான் முருகா முருகா என்று சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்வையாளர் நேரம் முடியும் தறுவாயில் தம்பி வந்தார். நான் பேசி அனுப்பிய பதிவைக் கேட்காமலே காடியை ஓட்டி வந்திருக்கிறார். கட்டிலில் அண்ணன் உட்கார்ந்திருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

“வெறுங்கையோடவா வந்த?” என்றார் இவர்.

“மாலை வாங்கினேன். காடில கெடக்கு.”

“கெடக்கட்டும். வா, உக்காரு.”

தம்பி வந்து காலடியில் உட்கார்ந்தார். அம்மா பேச்சை ஒருவரும் எடுக்கவில்லை. நர்ஸ் மறுபடி வந்து பார்த்தபோது அழுத்தம் இறங்கியிருந்தது.

மறுநாள் ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போகும் வரைக்கும் அவர் தம்பியின் அந்தப் பதிவைத்தான் போட்டுப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. நானும் தம்பியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மாலையைக் காலையில் வரும் வழியில் ஆற்றில் போட்டுவிட்டேன் என்றார் தம்பி. நல்லது என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் தன் போனை என்னிடம் நீட்டினார். “அண்ணி, நான் அழுதத ஊரே கேட்டுருச்சு. வெக்கமா இருக்கு. இத எப்படி அழிக்கறதுன்னு தெரியுமா?”

விரலை வைத்து அழுத்த வேண்டும், கீழே குப்பைத்தொட்டி வரும், ‘எல்லாருக்கும்’ என்ற வரியைத் தொட வேண்டும். அழித்தால் என் கையிலிருக்கும் என் வீட்டுக்காரர் போனிலும் அந்தக் குரல் போய்விடும். நான் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்தேன்.

“எனக்கு அதெல்லாம் எங்க தம்பி தெரியும்?” என்றேன்.